துளைக்குள் ஒரு பாம்புவால்: இரட்டைச் சுவர் மெலுசின் ஜாடியைக் கையால் செய்வது எப்படி

நான் செய்த முதல் மெலுசின் ஜாடியின் வயிற்றில் இருந்த துளையில் என் மகள் கண்ணை வைத்துப் பார்த்தாள். "ஒண்ணுமே தெரியலையேம்மா, ஒரே இருட்டு" என்றாள். மெலுசின் என்ற பாம்புவால் தேவதையின் பிரெஞ்சுக் கதையை வைத்து, ஒரு மாதத்துக்கு மேல் மெனக்கெட்டுச் செய்த ஜாடி அது. உள்ளே நீலமும் வெள்ளையுமாக ஒரு பாம்புவால் சுருண்டு கிடப்பது எனக்குத் தெரியும், சூளைக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரிய வழியில்லை. அதற்கப்புறம் இரண்டு ஜாடிகள் செய்தேன். ஒன்று தோளில் விரிசல் விட்டது, மூன்றாவது தேறியது. மூன்றிலும் சேர்த்துக் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், மண்ணையே தொடாதவர்களுக்கு இது முதல் வேலையாக வேண்டாம். திரி உருட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, ஒரு சாதாரணப் பூச்சாடியாவது செய்து சுட்டுப் பார்த்தவர்கள் தாராளமாக இறங்கலாம். சக்கரம் தேவையில்லை. மண் பிசைவதில் இருந்து சூளையில் இரண்டாம் சூடு முடிந்து ஆறும்வரை ஐந்து வாரம் ஆகும். அதில் பெரும்பகுதி காத்திருப்பதுதான்.

முதலில் கதை

இந்த ஜாடியில் எங்கே துளை, எங்கே நீலம், அடியில் எத்தனை விரல்தடம் என்பதையெல்லாம் கதைதான் முடிவு செய்கிறது. அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

மேற்குப் பிரான்சில் புவாத்து என்றொரு வட்டாரம். அங்கே லூசிஞான் கோட்டையைக் கட்டியவள் என்று சொல்லப்படும் தேவதைப் பெண் மெலுசின். வாய்மொழியாக இருந்த கதையை ழான் தாராஸ் என்பவர் பெரி பகுதியின் கோமகனுக்காக 1393-ல் உரைநடையில் எழுதி முடித்தார். மெலுசினின் தாய் பிரசினில் இருந்தே கதை தொடங்குகிறது. பேறுகாலத்தில் என்னைப் பார்க்க வரக்கூடாது என்று கணவனிடம் வாக்கு வாங்கியிருந்தாள் பிரசின். அவன் மீறினான். ஒரே பிரசவத்தில் பிறந்த மூன்று பெண்குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு அவள் போய்விட்டாள். வளர்ந்த பெண்கள், அம்மாவுக்காகப் பழிவாங்குகிறோம் என்று அப்பாவை ஒரு மலைக்குள் அடைத்தார்கள். தாய்க்கு அது பொறுக்கவில்லை. மெலுசினுக்கு அவள் இட்ட சாபம்: சனிக்கிழமைதோறும் இடுப்புக்குக் கீழே பாம்பாக மாறுவாய்.

மெலுசின் ரேமோந்தனை மணக்கிறாள். சனிக்கிழமைகளில் நான் எங்கே இருக்கிறேன் என்று பார்க்கக்கூடாது என்று அவளும் வாக்கு வாங்குகிறாள். நமக்கு உடனே சந்தனுவும் கங்கையும் நினைவுக்கு வருவார்கள். கேள்வி கேட்காதவரைக்கும்தான் அந்த மனைவியும் உடனிருப்பாள். பத்துப் பிள்ளைகள் பிறக்கிறார்கள், கோட்டைகள் எழுகின்றன. ஒரு சனிக்கிழமை ரேமோந்தன் வாள்நுனியால் கதவைக் குடைந்து துளை போட்டுப் பார்க்கிறான். தொட்டியில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருக்கிறாள். தொப்புளுக்குக் கீழே, ஹெர்ரிங் மீன் அடைக்கும் பீப்பாய் அளவுக்குப் பருத்த வால் தண்ணீரை அடித்துக்கொண்டிருக்கிறது. மீன் பீப்பாய் என்பது ழான் தாராஸ் சொன்ன உவமை, என்னுடையது இல்லை. ரேமோந்தன் துளையை மெழுகால் அடைத்துவிட்டு வாயை மூடிக்கொள்கிறான். அவள் அறிந்தும் பொறுக்கிறாள். பிறகு ஒருநாள், மகன்களில் ஒருவன் மாயெஸே மடத்தைக் கொளுத்தி, துறவியாக இருந்த தன் சகோதரனையே அதில் சாகடித்தபோது, ஆத்திரத்தில் ரேமோந்தன் எல்லோர் முன்னாலும் அவளைப் பாம்பே என்று ஏசிவிடுகிறான். அவள் சன்னல் வழியே பாம்பாகப் பறந்து போய்விடுகிறாள்.

என்னை இந்த ஜாடிக்கு இழுத்தது அதற்குப் பின்னால் வரும் சில வரிகள். கைக்குழந்தைகளாக விட்டுப்போன கடைசி இரண்டு மகன்களுக்குப் பால் கொடுக்க அவள் இரவில் திரும்பி வருகிறாள். செவிலிகள் பார்க்கிறார்கள், வாய் திறக்க அஞ்சுகிறார்கள். கணவன் திருட்டுத்தனமாகப் பார்த்ததை ஊரே பேசுகிறது. இரவில் அவள் வந்துபோனதைப் பார்த்தவர்கள் பேசவே இல்லை. இந்த இரண்டும் ஒரே பாத்திரத்தில் வரவேண்டும் என்று நினைத்தேன். அதனால்தான் இரட்டைச் சுவர்: வெளியே கோட்டை, உள்ளே யாரும் கை நுழைக்க முடியாத இடத்தில் அவள்.

எந்த இடைக்காலக் கலை?

இடைக்காலப் பாணி என்றதும் இணையத்தில் கிடைக்கும் பூவேலைக் கரைகளைப் பிரதி எடுப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்தக் கதை பிறந்த வட்டாரத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய குயவர் மரபு இருந்திருக்கிறது. சான்த் நகரை ஒட்டிய சாந்தோன்ழ் பகுதி அது. அங்கே இருக்கும் ஓர் ஊருக்குப் பேரே லா ஷப்பெல் தே போ, அதாவது பானைகளின் சிற்றாலயம். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்தப் பக்கத்துக் குயவர்கள் வெளிறிய நல்ல மண்ணில் குடுவைகள் செய்து, பழுப்புக் கோட்டால் உருவம் வரைந்து, பச்சையும் மஞ்சளும் நிரப்பினார்கள். ஒயின் ஏற்றிய கப்பல்களோடு அவை இங்கிலாந்துக்குப் போயின.

அப்படிப் போனதில் ஒன்று எக்ஸிட்டர் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1300 வாக்கில் செய்தது. புதிர்க் குடுவை என்பார்கள். நடுப்பகுதி கோபுரம் போலத் திறந்திருக்கும், சன்னல்களில் இருந்து பெண்கள் எட்டிப் பார்ப்பார்கள், உள்ளே பிஷப்புகள் நிற்பார்கள். நடுவில் இத்தனை ஓட்டை இருந்தும் ஊற்றிய ஒயின் கீழே சிந்தாது; உள்ளீடற்ற கைப்பிடி வழியாக அடிப்பகுதிக்கு இறங்கிவிடும். எழுநூறு ஆண்டுக்கு முன்னால் ஒரு குயவர் சிரித்துக்கொண்டே செய்த வேலை என்றுதான் எனக்குத் தோன்றும். நம் ஜாடிக்கு அதுதான் மூதாதை.

வெளிச்சுவரில் வரைவதற்கு மாதிரியாக எடுத்துக்கொள்ள வேண்டியது பெரி கோமகனின் பிரார்த்தனைப் புத்தகத்தில் உள்ள மார்ச் மாதப் பக்கம். லிம்பூர் சகோதரர்கள் என்ற ஓவியர்கள் 1410-களில் தொடங்கிய அந்தச் சுவடி இப்போது பிரான்சின் ஷாந்தியி ஊரில் கோந்தே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கீழே உழவர் ஏர் ஓட்டுகிறார், பின்னால் லூசிஞான் கோட்டை, வலப்பக்கக் கோபுரத்துக்கு மேலே பொன்னிறத்தில் ஒரு சிறிய பறக்கும் நாகம். அவ்வளவு பெரிய படத்தில் அவள் ஒரு பூச்சி அளவுதான். ஜாடியிலும் அவளைச் சிறிதாகவே வையுங்கள். பெரிதாக வரைந்தால் உள்ளே இருக்கும் வாலுக்கு வேலையில்லாமல் போய்விடும்.

மண்ணும் சாமானும்

நம்மூர்க் குளத்து மண் இதற்கு ஆகாது. அது குறைந்த சூட்டில் வேகும் மண். இந்த ஜாடி போகவேண்டிய 1220 டிகிரியில் உப்பிச் சரிந்துவிடும். ஸ்டோன்வேர் எனும் அதிகச் சூடு தாங்கும் களிமண், வெளிறிய நிறத்தில், மணல்போல நறநறக்கும் சுட்ட மண்தூள் கலந்தது வாங்குங்கள். அந்தத் தூள் ஐந்தில் ஒரு பங்காவது இருக்கட்டும். அய்யனார் கோயிலுக்கு மண்குதிரை செய்யும் வேளார்கள் மண்ணில் மணலும் உமியும் சேர்ப்பதும் இதே காரணத்துக்குத்தான். தடித்த சுவருக்குள்ளிருந்து ஈரம் வெளியேற வழி வேண்டும்.

5 கிலோ எடுத்தால் கொஞ்சம் மிஞ்சும். அதே கடையில் வெள்ளை நிறக் களிமண் அரை கிலோ வாங்கி, தண்ணீரில் ஊறவைத்து, சல்லடையில் தேய்த்து, தோசை மாவுப் பதத்துக்குக் குழம்பாக்கிக்கொள்ளுங்கள். வெள்ளைப் பூச்சுக்கு அதுவே போதும். நீலத்துக்கும் கறுப்புக்கும் தயார் அண்டர்கிளேஸ் (கிளேஸ் எனும் கண்ணாடிப் பூச்சுக்கு அடியில் பூசும் நிறம்) வாங்கிவிடலாம். அந்தக் காலத்துப் பழுப்புக் கோடு மாங்கனீசில் வந்தது. அதன் தூளும் புகையும் நுரையீரலுக்கும் நரம்புக்கும் கெடுதல் என்பதால் நான் கறுப்பையே வைத்துக்கொள்கிறேன்.

கருவிகள் பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கும். சப்பாத்திக் கட்டை, பழைய பருத்திப் புடவைத் துண்டு, வழவழப்பாகத் தேய்த்த கொட்டாங்குச்சித் துண்டு, காலாவதியான வங்கி அட்டை, கீறுவதற்குக் கூராக்கிய சைக்கிள் கம்பி. பால் புட்டி கழுவும் பிரஷ் ஒன்றும் எடுத்து வையுங்கள். எதற்கு என்று பிறகு தெரியும்.

உள்பானை

மண்ணை நன்றாகப் பிசைந்து காற்றை வெளியேற்றுங்கள். புடவைத் துண்டின் மேல் 1 செ.மீ. கனத்துக்குப் பரத்தி, 18 செ.மீ. குறுக்களவுள்ள வட்டமாக வெட்டுங்கள். இந்த ஒரே தளத்தின் மேல்தான் இரண்டு சுவரும் நிற்கப்போகின்றன. நடுவில் 9 செ.மீ. வட்டம் ஒன்றைக் கீறிக் குறித்து, அந்தக் கோட்டின் மேல் உள்பானையைத் தொடங்குங்கள்.

திரி சுண்டுவிரல் கனம் இருக்கட்டும். ஒவ்வொரு திரியையும் வைக்கும் முன் கீறி, குழம்பு தடவி, உள்ளும் புறமும் விரலால் இழுத்து ஒட்டுங்கள். நான்கு வரிசைக்கு ஒருமுறை நிறுத்தி, மண் கொஞ்சம் இறுகியபின் தொடருங்கள். வயிறு 11 செ.மீ. அகலம், வாய் 8 செ.மீ., உயரம் 20 செ.மீ. இருந்தால் போதும். சுவர் 7 மி.மீ. கனத்துக்குக் குறைய வேண்டாம்.

இந்தப் பானையின் வெளிப்பக்கத்தை நாளைக்கு யாரும் முழுசாகப் பார்க்கப்போவதில்லை. ஆனால் தண்ணீர் நிற்கப்போவது இதற்குள்தான். ஒட்டில் ஒரு மயிரிழை விட்டுப்போனாலும் தண்ணீர் இரண்டு சுவருக்கும் நடுவே இறங்கும், பிறகு அங்கே எந்த விரலும் போகாது. கொட்டாங்குச்சியால் உள்ளும் புறமும் அழுத்தித் தேய்த்து மூடுங்கள். இந்தக் கட்டத்தில் ஒரு மணி நேரம் அதிகம் செலவழித்தால் வீணில்லை.

அடுத்து வால். பானை தோல்போல இறுகி, அழுத்தினால் விரல் பதியாத ஆனால் நகம் பதியும் பதத்துக்கு வந்ததும், வெளிப்பக்கம் முழுக்க வெள்ளைக் குழம்பை மூன்று முறை பூசுங்கள். தளத்தில் எஞ்சியிருக்கும் வளையத்திலும் பூசுங்கள். முதல் ஜாடியில் இதை நான் செய்யவில்லை. இருட்டுக்குப் பாதிக் காரணம் அதுதான். உள்ளே நுழையும் கொஞ்ச வெளிச்சத்தையும் மங்கலான மண் குடித்துவிட்டது.

வாலைத் தனியாக உருட்டி ஒட்டுவதை விட, ஒரு தடித்த திரியைப் பாதியாகப் பிளந்து தட்டைப் பக்கத்தை ஒட்டுவது பாதுகாப்பானது. பீப்பாய் அளவு என்று கதை சொல்கிறது. நமக்குக் கட்டைவிரல் கனம். அடியில் இருந்து ஒன்றரைச் சுற்றுச் சுற்றி, நுனி மேலே தூக்கியிருக்கட்டும். வாலின் மேலும் வெள்ளை பூசி, குறுக்கே நீலப் பட்டைகள் போடுங்கள். பச்சைச் செதில்தான் அழகு என்று எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் ழான் தாராசுக்குச் சில ஆண்டு கழித்து இதே கதையைச் செய்யுளாகப் பாடிய கூத்ரெத், வாலை வெள்ளியும் நீலமுமான பட்டை என்கிறார். லூசிஞான் வம்சத்துக் கேடயச் சின்னமும் அதே வெள்ளி, நீலப் பட்டைதான். அவமானம் என்று ஒளித்த வால் குடும்பத்தின் கொடியாகவும் இருக்கிறது. இதை விட்டுவிட்டுப் பச்சை அடிக்க எனக்கு மனம் வரவில்லை.

செதில் வேண்டுமானால் பேனா மூடியின் விளிம்பால் லேசாக அழுத்துங்கள். சரி, வால் முடிந்தது. ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், இனி இதை முழுசாகப் பார்க்க முடியாது.

வெளிச்சுவர்

இரண்டாவது ஜாடி விரிசல் விட்டது இந்த இடத்தில்தான். உள்பானை காய்ந்து சுருங்கி முடித்திருந்தது. அதைச் சுற்றி நான் ஈரமான புதுச் சுவரை எழுப்பி, மேலே இரண்டையும் ஒட்டினேன். ஈரச் சுவர் காயும்போது சுருங்கப் பார்த்தது, உள்ளே இருந்தது அசையவில்லை. தோளில் இருந்து வயிறுவரை நேர்கோடாகப் பிளந்தது.

அதனால் இரண்டு விஷயம். உள்பானையைச் சுற்றி ஈரத்துணி, அதன் மேல் பாலிதீன் கவர் போட்டு அந்தப் பதத்திலேயே நிறுத்தி வையுங்கள். பூசிய நிறம் கலையாமல் இருக்கத் துணி சுவரைத் தொடாதபடி குச்சி நட்டுக் கூடாரமாகப் போடுங்கள். வெளிச்சுவருக்கான மண்ணையோ முந்தின நாளே திரியாக உருட்டி, கொஞ்சம் இறுகவிட்டு எடுங்கள். இரண்டு சுவரின் ஈரமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் சேர்ந்தே சுருங்கும்.

தளத்தின் விளிம்பில் இருந்து தொடங்கி நேராக எழுப்புங்கள். சுவர் 8 மி.மீ. கனம், வயிறு 20 செ.மீ. அகலம். உள்பானைக்கும் இதற்கும் இடையே 3 செ.மீ.க்கு மேல் இடைவெளி கிடைக்கும். வயிற்றைத் தாண்டி உள்பக்கம் சாய்க்கத் தொடங்கும் முன் நிறுத்துங்கள். பால் புட்டி பிரஷ்ஷில் வெள்ளைக் குழம்பைத் தோய்த்து, மேலிருந்து விட்டு, வெளிச்சுவரின் உள்முகத்தைப் பூசிவிடுங்கள். வாலில் சிந்தாமல் இருக்க அதன் மேல் ஈரச் செய்தித்தாள் போர்த்தி, முடிந்ததும் இழுத்து எடுத்துவிடலாம்.

மூடும் முன் துளைகளையும் போட்டுவிடுங்கள், உள்ளே விழும் துணுக்குகளை எடுக்க வழி இருக்கும்போதே. வயிற்றின் நடுவில், வால் நுனிக்கு நேராக, 2 செ.மீ. வட்டத் துளை ஒன்று. சுட்டபின் அது 1.8 செ.மீ. அளவுக்குச் சுருங்கும். விளிம்பை விரலால் மழுக்குங்கள், யாராவது கண்ணை வைக்கப்போகிறார்கள். அதற்கு இரண்டு பக்கமும் 6, 7 செ.மீ. தள்ளி, கோட்டைச் சுவரில் அம்பெய்ய விட்ட பிளவுபோல 1 செ.மீ. அகலம் 4 செ.மீ. உயரத்தில் இரண்டு சன்னல். தோள் மூடியபின் துளைக்கு நேர்மேலே இன்னொன்று. இந்த மூன்று வழியாக வெளிச்சம் சாய்வாக நுழைந்து வாலில் விழும். துளையில் கண்ணை வைத்ததுமே நம் தலை வெளிச்சத்தை அடைத்துவிடும் என்ற சாதாரண விஷயம் முதல் தடவை எனக்குத் தோன்றவே இல்லை.

ஒன்றைக் கவனித்தீர்களா? இரட்டைச் சுவர்ப் பாத்திரத்தில் எங்காவது ஓட்டை இல்லாவிட்டால், நடுவே சிக்கிய ஈரம் சூளையில் ஆவியாகி அதை வெடிக்க வைத்துவிடும். குயவர்கள் பொதுவாக அடியில் ஓர் ஊசித்துளை போட்டு மறைப்பார்கள். இங்கே ரேமோந்தன் போட்ட துளையே ஜாடியைக் காப்பாற்றுகிறது. கதையில் நடந்தது நேர்மாறு.

பிறகு திரிகளை உள்பக்கம் சாய்த்து அடுக்கி உள்பானையின் வாயோடு சேருங்கள். அந்த ஒட்டுதான் ஆகப் பலவீனமான இடம். உள்பானையின் விளிம்பை ஈரப்படுத்தி, ஆழமாகக் கீறி, மெல்லிய திரி ஒன்றை மூலையில் வைத்து அழுத்தி இழையுங்கள்.

அடிவிளிம்பில் பத்துப் பிள்ளைகள்

இடைக்காலக் குடுவைகள் பலவற்றின் அடிவிளிம்பில் கட்டைவிரலால் அழுத்திய பள்ளங்கள் வரிசையாக இருக்கும். பாவாடைக் கொசுவம்போல இருக்கும் அதை நான் பிள்ளைகளுக்கு ஒதுக்கினேன். தளத்தைச் சுற்றி ஒரு திரி ஒட்டி, பத்துத் தடம்.

மெலுசினின் முதல் எட்டு மகன்களுக்கும் ஏதாவது ஒரு விசித்திரக் குறி உண்டு. ஒருவனுக்கு ஒரு கண் சிவப்பு, மறுகண் வேறு நிறம். ஒருவன் கன்னத்தில் சிங்க நகத் தடம். ஒருவனுக்கு வாயில் இருந்து நீட்டிய பெரிய பல், இன்னொருவனுக்கு மூன்று கண். எட்டுத் தடங்களிலும் ஒவ்வொரு கீறலோ புள்ளியோ வையுங்கள். கடைசி இரண்டும் வெறும் தடங்கள். அவள் இரவில் பால் கொடுக்க வந்தது அவர்களுக்குத்தான். அந்த இரண்டையும் என் மகளின் கட்டைவிரலால் அழுத்த வைத்தேன். வீட்டில் குழந்தை இருந்தால் இந்த வேலையை அதற்குக் கொடுங்கள். மூன்றாவது தடம் போட அடம்பிடிக்கும், அசந்துவிடாதீர்கள்.

கீறி வரைதல்

வெளிச்சுவர் தோல் பதத்துக்கு வந்ததும் வெள்ளைக் குழம்பை இரண்டு முறை பூசுங்கள். பளபளப்பு போய், தொட்டால் விரலில் ஒட்டாத நேரம் பார்த்துக் கீறத் தொடங்க வேண்டும். புதுச்சேரியில், கடல் காற்றில், எனக்கு இதற்கு இரண்டு மணி நேரம் ஆகிறது. கத்திரி வெயிலில் இருபது நிமிடத்தில் கைமீறிவிடும். ஐப்பசி மழையில் மாலைவரை ஈரமாகவே கிடக்கும். நான் மார்கழி, தையில்தான் இந்த வேலையை எடுப்பேன்.

கோட்டையை நேரில் பார்ப்பதுபோல வரைய முயலாதீர்கள். அந்தக் கால ஓவியரின் கையில் சுவர் தட்டையாக நிற்கும், கோபுரம் ஒன்றின்மேல் ஒன்று அடுக்கியிருக்கும், முக்கியமானவர் பெரிதாகவும் மற்றவர் சிறிதாகவும் இருப்பார். காலியிடம் என்றால் கொடி படரும். ஒரே ஆள் ஒரே படத்தில் இரண்டு முறை வருவதும் உண்டு. இந்தக் கடைசிப் பழக்கம் நமக்குக் கைகொடுக்கும்: ஜாடியைச் சுற்றி வரும்போது ரேமோந்தன் துளையருகே குனிந்திருப்பான், அடுத்த கோபுரத்தின் கீழே தலையில் கைவைத்து நிற்பான். மேலே, தோளுக்கருகே, சிறகு விரித்த சிறு நாகம்.

பின்பக்கத்தில் இரண்டு தொட்டில் மட்டும் கீறுங்கள். தாயை அங்கே வரைய வேண்டாம். மூன்றாவது ஜாடியில் வரைந்து பார்த்தேன், பிறகு வழித்து எடுத்துவிட்டு மறுபடி வெள்ளை பூசினேன்.

கீறும்போது ஓரத்தில் எழும்பும் துணுக்குகளை உடனே துடைக்காதீர்கள், குழம்பில் தேய்ந்து அழுக்காகும். நன்றாக உலர்ந்தபின் மென்மையான பிரஷ்ஷால் தட்டினால் உதிரும். அப்போது முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். தரையில் விழுந்த தூளைப் பெருக்காமல் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். சிலிக்கா தூசு நுரையீரலுக்குள் போனால் திரும்பாது.

காய்தலும் முதல் சூடும்

பத்து நாள் கவர் போட்டு, பிறகு பத்து நாள் கவரில் ஓட்டை போட்டு, கடைசி மூன்று நாள் திறந்து. இவ்வளவுதான் காயவைக்கும் முறை. வெயிலில் வைக்காதீர்கள், மின்விசிறிக்கு நேராகவும் வேண்டாம்.

சூளையில் முதல் எட்டு மணி நேரம் 100 டிகிரிக்குக் கீழேயே வைத்திருங்கள். துளை இருப்பதால் அவசரப்படலாம் என்று நினைக்க வேண்டாம். ஆவிக்கு வழி இருந்தாலும் சுவருக்குள் இருக்கும் ஈரம் மெதுவாகத்தான் வரும். அதன்பின் 600 டிகிரிவரை மணிக்கு 60 டிகிரி, அதற்கப்புறம் மணிக்கு 100. சுமார் 573 டிகிரியில் மண்ணில் உள்ள குவார்ட்ஸ் திடீரென்று விரியும். ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த இடத்தை நிதானமாகக் கடக்க வேண்டும். 1000 டிகிரியில் நிறுத்தி, 100 டிகிரிக்குக் கீழே வரும்வரை கதவைத் திறக்காதீர்கள்.

வெளியே எடுத்ததும் உள்பானையில் தண்ணீர் ஊற்றிப் பார்க்க ஆசை வரும். இந்தச் சூட்டில் மண் உறிஞ்சிக்கொண்டே இருக்கும், கசிவா உறிஞ்சலா என்று தெரியாது. இரண்டாம் சூடுவரை பொறுங்கள்.

கிளேஸ்

முதலில் கீறிய கோடுகளில் கறுப்பு அண்டர்கிளேஸைப் பூசி, ஈர ஸ்பஞ்சால் மேற்பரப்பைத் துடையுங்கள். கோட்டுக்குள் மட்டும் கறுப்பு தங்கும். வெறும் கீறலாக இருந்தது சட்டென்று சுவடிப் படம்போல ஆவதைப் பார்ப்பது இந்த வேலையிலேயே எனக்குப் பிடித்த நேரம்.

உள்பானையின் உட்புறத்துக்கு நிறமில்லாத, 1220 டிகிரிக்கான கிளேஸை ஊற்றிச் சுழற்றிக் கவிழ்த்துவிடுங்கள். வெளிப்புறத்துக்கு இரண்டு வகை: வயிற்றில் அதே நிறமில்லாதது மெல்லிசாக, தோளில் பச்சை. அந்தக் காலக் குடுவைகளில் மேல்பாதிக்கு மட்டும் கிளேஸ் பூசி அது கீழே வழிய விடும் வழக்கம் இருந்தது. நாமும் தோளில் இருந்து இரண்டு மூன்று இழை வழியவிடலாம், கோட்டை மேல் பாசி படிந்ததுபோல.

பழைய பச்சை ஈயக் கிளேஸில் செம்பு கலந்து வந்தது. ஈயத்தைத் தொடவே வேண்டாம். ஈயமில்லாத கிளேஸ் 100 கிராம் தூளுக்கு 3 கிராம் செம்பு கார்பனேட் சேர்த்தால் பச்சை வரும், பெரும்பாலும் கொஞ்சம் நீலம் அடிக்கும். 1 கிராம் சிவப்பு இரும்பு ஆக்சைடு சேர்த்தால் இலைப்பச்சைப் பக்கம் திரும்பும். ஆனால் ஒவ்வொரு கிளேஸும் ஒவ்வொரு குணம். சின்ன மண்வில்லைகளில் சோதிக்காமல் ஜாடியில் பூசாதீர்கள். இந்தப் பச்சை வெளிப்பக்கத்தோடு நிற்கட்டும். புளிப்புப் பட்டால் செம்பு கரைந்து வரக்கூடும்.

பூசும் முன் துளையையும் சன்னல்களையும் ஈரக் காகித உருண்டையால் அடைத்து, விளிம்பில் மெழுகு தடவுங்கள். மெழுகு இருக்கும் இடத்தில் கிளேஸ் ஒட்டாது. ரேமோந்தன் செய்த அதே வேலை. முடிந்ததும் காகிதத்தை மறக்காமல் எடுத்துவிடுங்கள். வாலுக்குக் கிளேஸ் வேண்டாம், அந்த அண்டர்கிளேஸ் நீலம் வெறுமையாகவே நன்றாக இருக்கும். அடியில் விரல்தடங்களுக்குக் கீழே அரை செ.மீ. சுத்தமாகத் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

இரண்டாம் சூட்டில் மணிக்கு 100 டிகிரி வேகத்தில் ஏற்றி, 1220 டிகிரியில் கால்மணி நேரம் நிறுத்துங்கள். வெப்பமானி சொல்வதை மட்டும் நம்பாமல் ஆறாம் எண் கோன் (குறித்த சூட்டில் வளையும் சிறு மண்கூம்பு) ஒன்றைச் சூளையின் பார்வைத் துளைக்கு நேரே வைத்து, அது வளைவதைப் பாருங்கள்.

சோதித்துப் பார்த்து வைக்கும் இடம்

ஆறியபின் உள்பானையில் தண்ணீர் நிரப்பி, ஜாடியைச் செய்தித்தாள் மேல் ஓர் இரவு வையுங்கள். காலையில் டார்ச் அடித்துச் சன்னல் வழியே நடுத்தளத்தைப் பாருங்கள். ஈரம் இருந்தால் எங்கோ கசிகிறது, அதை இனி சரிசெய்ய முடியாது. காய்ந்த பூவுக்கும் நாணலுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஈரம் இல்லையென்றால் தண்ணீரோடு பூ வைக்கலாம். ஊறுகாய்க்கும் மோருக்கும் இது ஜாடி இல்லை. இரண்டு சுவருக்கும் நடுவே வருஷத்துக்கு ஒரு சிலந்தியாவது குடியேறும். வாக்குவம் கிளீனரின் மெல்லிய குழாயைச் சன்னலில் வைத்தால் போய்விடும். நான் ஒரு தடவை விட்டுவிட்டேன், வலை வால்மேல் நன்றாகத்தான் இருந்தது.

அலமாரியின் மேல்தட்டில் வைக்காதீர்கள். வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி சன்னலோரம், தாழ்ந்த ஸ்டூல் ஒன்றில் வையுங்கள். பெரியவர்கள் பார்க்க மண்டியிட வேண்டியிருக்கும். என் மகளுக்கு நின்றபடியே கண் எட்டுகிறது.